மாமனாருக்குக் காட்ட ஒரு பார்

மதுரையில் நான் உட்கார்ந்து குடித்த பார்களில் ஒன்றுகூட இப்போது இல்லை. இதை நண்பர்களிடம் சொன்னால், "நீ வந்து உக்காந்தா எந்தக் கடைதான்டா விளங்கும்" என்கிறார்கள். எனக்கு அவ்வளவு சக்தி கிடையாது. நெடுஞ்சாலை ஓரத்தில் கடை இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தபோது பாதி போயிற்று. பள்ளிக்கூடத்துக்குப் பக்கம், கோயிலுக்குப் பக்கம் என்று கொஞ்சம் போயிற்று. ஏலம் எடுத்தவர்கள் கட்டுப்படியாகவில்லை என்று பூட்டிவிட்டுப் போனதில் மிச்சமும் போயிற்று.

ஒரே ஒரு கடையை மட்டும் நான்தான் மூடினேன். குடிக்க உள்ளே போனவன், கோஷம் போட்டுக்கொண்டே வெளியே வந்து மூடினேன். அதனால் என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. அதை நிற்கவிடாமல் செய்வதற்காக, என் வருங்கால மாமனாரைப் பைக்கில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஊரில் மூடிப்போன பார்களை ஒவ்வொன்றாகச் சுற்றிக் காட்டினேன். வெளியூர் விருந்தாளி வந்தால் எல்லாரும் கோபுரம் காட்டுவார்கள், மகால் காட்டுவார்கள். நான் காட்டியது இதைத்தான்.

அப்போது எனக்குக் கல்யாண வயது வந்து, கொஞ்ச நாள் காத்திருந்து பார்த்துவிட்டு, கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. விவசாயத்துக்கு மோட்டார் விற்கிற கடையில் வேலை. முன்மண்டையில் முடி பின்வாங்கியிருந்தது. பெண் வீட்டுக்கு அனுப்ப ஃபோட்டோ எடுத்த ஸ்டுடியோக்காரர், "தலையைக் கொஞ்சம் தூக்குங்கண்ணே, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் என் மூக்குத் துவாரத்தைத்தான் எடுத்தார். அந்த ஃபோட்டோவைப் பார்த்தும் சோழவந்தான் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டில் சரி என்றார்கள். நெல்லும் வாழையும் போடுகிற குடும்பம். பெண் படித்தவள்.

பூ வைக்கப் போன அன்று அத்தை, அதாவது பெண்ணின் அம்மா, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பிக்குக் குடிப் பழக்கம் ஏதும் உண்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் அம்மா, "அவன் சோடாகூடக் குடிக்க மாட்டான்" என்றுவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் மாமா, அதாவது பெண்ணின் அப்பா, எங்களைப் பார்க்காமல் மேலே ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அந்தப் பக்கம் ஒரு வழக்கம். பூ வைத்த பிறகு நிச்சயதார்த்தம் வரைக்கும் மாப்பிள்ளை, பெண் வீட்டார் கூப்பிடாமல் அந்த ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. அவசரக்காரன் என்று பேர் வந்துவிடும். எனக்கும் போகிற எண்ணமே இல்லை. என் பிரச்சினை வேறாக இருந்தது. நான் கடைசியாகப் போய்வந்துகொண்டிருந்த கடையை ஒரே வாரத்தில் காலி செய்துவிட்டார்கள். மெயின் ரோட்டில் இருந்த கடைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வயக்காட்டுக்குள் குடியேறத் தொடங்கியிருந்தன.

அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற என் நண்பன்தான் துப்பு கொண்டுவந்தான்.

"மாப்ள, கால்வாயத் தாண்டி தென்னந்தோப்புக்குள்ள புதுசாத் தொறக்குறாய்ங்க. இன்னைக்கு மொத நாளு. குளுகுளுன்னு இருக்கும். வாரியா?"

"எந்த ஊருடா?"

"தோப்புக்கு ஏதுடா ஊரு? தோப்புத்தேன்."

போனோம். ஆட்டோவைக் கால்வாய்க் கரையில் நிறுத்திவிட்டு வரப்பில் நடக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது. இன் பண்ணின சட்டைக்காரர்கள், பேண்டை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டு, ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் தண்ணீர் பாட்டிலுமாக, நாற்று நடப் போகிற மாதிரி பயபக்தியோடு போனார்கள். தோப்புக்குள் நீலத் தார்ப்பாய் கட்டி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. உட்கார்ந்தேன். ஊற்றினேன். ஒரு வாய் உள்ளே போனது. அப்போதுதான் தோப்பின் மறுபக்கம் தெரிந்த தண்ணீர்த் தொட்டியை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பூ வைக்கப் போன அன்று அதன் முன்பக்கத்தைப் பார்த்திருந்தேன். ஓர் ஊருக்குள் முன்வாசல் வழியாக ஒரே தடவை போய்வந்தவனுக்கு அதன் கொல்லைப்புறம் எப்படித் தெரியும்?

அதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். விளக்குமாறு, காலிக் குடம், ஒருத்தர் கையில் அரிவாள்மனை. நண்பன் எழுந்து, புதிதாக நட்டிருந்த வயலில் இறங்கி, விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, சேற்றோடு சேறாகக் கால்வாய்ப் பக்கம் போய்ச் சேர்ந்தான். என்னால் எழுந்து நிற்கத்தான் முடிந்தது. கூட்டத்துக்கு முன்னால் விளக்குமாற்றோடு வந்தது அத்தை.

"தம்பி! நீங்க எங்க இங்கிட்டு?"

என் வாழ்க்கையில் நான் யோசித்துப் பேசிய எதுவும் உருப்பட்டதில்லை. யோசிக்காமல் வந்தது இது:

"நம்ம ஊருல கடை தொறக்குறாங்கன்னு கேள்விப்பட்டேன் அத்தை. கேட்டுட்டு வீட்டுல சும்மா உக்கார முடியல."

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "கூப்பிடாம வந்துட்டமேன்னு நெனைக்காதீங்க தம்பி. இதுக்கு வரலாம்" என்று சொல்லி என் கையைப் பிடித்து முன்வரிசையில் நிறுத்தினார். அதன் பிறகு நான் என்ன செய்ய? "மூடு மூடு, கடையை மூடு" என்று ஆரம்பித்தேன். உள்ளே போயிருந்த ஒரு வாய் தன் வேலையைச் செய்தது. அப்படி ஒரு குரல் எனக்கு இருப்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. என்னோடு வரப்பில் நடந்து வந்து பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், அதுவும் என்னிடமே மோட்டார் வாங்கியவர், என்னைப் பார்த்த பார்வை இன்னும் கனவில் வருகிறது.

இடது பக்கம் யாரோ வந்து நின்றார்கள். திரும்பினால், பெண். எனக்குப் பேசி வைத்த பெண். நேராக முன்னால் பார்த்தபடி, உதடு அசையாமல் சொன்னாள்:

"நல்லாத்தான் கத்துறீங்க. அந்தப் பக்கமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுக் கத்துங்க. அம்மாவுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை."

திருப்பிக்கொண்டேன். அன்று சாயங்காலம் வரை வலது பக்கம் பார்த்தபடியே போராடினேன். வலது பக்கம் ஒரு தென்னை மரம்தான் இருந்தது. அதிகாரிகள் வந்து, பேசி, கடையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்கள். அத்தை எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஊர்ப் பெண்கள் எல்லாம் என்னைச் சுற்றி நின்று பார்த்தார்கள். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளையா என்று ஒரு பாட்டி என் கன்னத்தைத் தடவி முகர்ந்து முத்தம் வைக்க வந்தார். நான் பின்வாங்கியதை வெட்கம் என்றார்கள்.

கல்யாணம் அப்போதே முடிந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். அடுத்த நாளே கல்யாணத் தரகர் ஃபோன் செய்தார்.

"பொண்ணோட அப்பா கொஞ்சம் ரோசிக்கிறாருங்க."

"என்ன யோசனை?"

"அதாவது... மாப்ள ரொம்ப நல்லவரா இருக்காராம்."

விஷயம் இதுதான். மாமா நாள் முழுக்க வயலில் நின்றுவிட்டுச் சாயங்காலம் ஒரு கட்டிங் போட்டு, அதாவது குவார்ட்டரில் பாதியை ஊற்றிக்கொண்டு, சோறு சாப்பிடுகிறவர். பழைய கடை போனதிலிருந்து அதற்காகப் பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவரின் வயலுக்குப் பின்னாலேயே ஒரு கடை வந்தது. செருப்புக்கூடப் போட வேண்டாம். அன்றைக்கு வாழைத்தார் போட மார்க்கெட்டுக்குப் போயிருந்தவர், சாயங்காலம் திரும்பி வந்து குளித்து, வேட்டி மாற்றி, விபூதி வைத்துக்கொண்டு தோப்புக்குப் போயிருக்கிறார். பூட்டுத்தான் இருந்தது. யார் பூட்ட வைத்தது என்று விசாரித்தால், உங்கள் மாப்பிள்ளை என்றிருக்கிறார்கள்.

"கூப்பிடாம வந்து என் கடைய மூடிட்டுப் போயிருக்கான். நாளைக்குத் தாலி கட்டிட்டு என் வீட்டுல உக்காந்து எனக்கே புத்தி சொல்லுவான். எனக்கு ஏற்கெனவே புத்தி சொல்ல வீட்டுல ஒரு ஆளு இருக்கு. ரெண்டாவது ஆளு வேணாம்" என்று தரகரிடம் சொல்லிவிட்டார்.

அன்று பெண்ணே எனக்கு ஃபோன் செய்தாள். முதல் தடவை.

"அப்பாட்ட உண்மையச் சொல்லிட்டேன். அவரு குடிச்சிட்டுத்தான்ப்பா கோஷம் போட்டாரு, பக்கத்துல நின்ன எனக்குத் தெரியாதான்னு. நம்ப மாட்டேங்குறாரு. கல்யாணம் நிக்கக் கூடாதுன்னு நான் பொய் சொல்றேங்குறாரு. உங்க கடைக்கு வாராரு. மோட்டார் பாக்கன்னு சொல்வாரு."

"நான் என்ன செய்யணும்?"

"நீங்க குடிப்பீங்கன்னு நிரூபிக்கணும்."

"சரி."

"ரொம்ப நிரூபிச்சிராதீங்க."

ஃபோனை வைக்கப் போனவளிடம், நான் குடித்திருந்தது தெரிந்தும் ஏன் காட்டிக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "உங்க கூட வந்தவரு வயல்ல விழுந்து ஓடுனாரு. நீங்க ஓடாம நின்னீங்கள்ல" என்றாள். பயத்தில் கால் வரவில்லை என்ற உண்மையை நான் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

மாமா மத்தியானம் வந்தார். ஒரு மோட்டாரைத் தட்டிப் பார்த்தார், இன்னொன்றைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டார்.

"எம் மக சொல்றது நெசமா?"

"நெசந்தான் மாமா. வாங்க, எங்கயாச்சும் உக்காந்து..."

"அந்தக் கதையே வேணாம். என் முன்னாடி ஒரு கிளாஸ் குடிச்சுக் காட்டுறது என்ன பெரிய விசயம்? பொண்ணு வேணும்னா கசாயம் மாதிரிக் கண்ண மூடி முழுங்கிட்டுப் போறான் மனுசன். நீங்க வழக்கமாப் போற பாருக்குக் கூட்டிட்டுப் போங்க. உள்ள நொழஞ்சா அங்க இருக்குறவன் உங்களப் பாத்து வாங்கண்ணேன்னு சொல்லணும். சொன்னா நம்புறேன்."

நியாயமான பரீட்சை. பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி டீக்கடையில், பக்கத்து வீட்டில், வேலை செய்யும் இடத்தில் விசாரிப்பது ஊர் வழக்கம். மாமா பாரில் விசாரிக்க விரும்பினார். அதில் ஒரே ஒரு சிக்கல். விசாரிக்க பார் வேண்டும். மெயின் ரோட்டில் இருந்தவை போய்விட்டன, சரி. சந்துக்குள் இருந்த பழைய இடங்கள் தப்பித்திருக்கும் என்று நம்பி வண்டியைக் கிளப்பினேன்.

முதலில் கடைக்குப் பின்தெருவில் இருந்த மாடி பார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கேதான் போவேன். குறுகலான இரும்புப் படி. ஏறும்போது மனிதன் தானாக ஏறுவான். இறங்கும்போது படியாகப் பார்த்து இறக்கிவிடும். வாசல் நிலை தாழ்வாக இருந்ததால் யாராக இருந்தாலும் குனிந்து கும்பிட்டு நுழைவது போலத்தான் நுழைய வேண்டும். ஏசி பார் என்று போர்டு இருக்கும். ஏசியும் இருந்தது. அதன் மேல் சாமி படம் வைத்து மாலை போட்டிருந்ததால் அதை ஓடவிடுவது மரியாதைக் குறைவு என்று சொல்லிவிட்டார்கள்.

படிக்கட்டு அப்படியே இருந்தது. நான் உற்சாகமாகக் காலை வைத்தேன். மேலே இருந்து ஒரு வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"ஏய், யாருய்யா அது? லேடீஸ் பேட்ச் நடக்குது."

அரசு வேலைக்குப் பரீட்சை எழுதுகிறவர்களுக்குப் பயிற்சி மையம் ஆகியிருந்தது. பெண் பிள்ளைகள் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்து நுழைந்தார்கள். மாமா போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இங்கயா குடிச்சீங்க?"

"இங்கதான் மாமா. இங்க இருந்துச்சு."

"ம்" என்றார். அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தது செல்லூர். விசைத்தறிச் சந்துக்குள் ஒரு பார். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடும். தடதட தடதட என்று காது கிழியும். அங்கே ரகசியம் பேசுவதென்றாலும் கத்தித்தான் பேச வேண்டும். "எம் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாடா" என்று ஒருத்தர் மேடைப் பேச்சு மாதிரி அறிவிப்பார். எதிரில் இருப்பவர் "என்னது?" என்பார். இவர் இன்னும் உரக்க அறிவிப்பார். யாரும் எதையும் ஒட்டுக் கேட்க முடியாது என்பதால் எல்லாரும் எல்லாவற்றையும் பேசினார்கள். ஒரே ஆபத்து கரண்ட் போவது. ஒரு தடவை நான் நண்பனிடம், "எங்க மொதலாளி மாதிரி ஒரு கஞ்சப் பிசினாறிய உலகத்துலயே பாக்க முடியாது" என்று கத்த ஆரம்பித்தேன். "எங்க மொதலாளி மாதிரி" வரைக்கும் தறி ஓடியது. மிச்சத்துக்கு ஓடவில்லை. அந்த மௌனத்தில் என் குரல் மட்டும் தனியாக நின்றது. பக்கத்து மேசையில் முதலாளியின் மைத்துனர். அவர் நிதானமாக எழுந்து வந்து, "தம்பி சொல்றது வாஸ்தவந்தேன், எனக்கும் அவரு ஒண்ணும் செய்யல" என்று எங்களோடு உட்கார்ந்துகொண்டார். அன்றைய செலவும் எங்கள் தலையில்.

இந்தக் கதையை மாமாவிடம் வண்டியில் போகும்போதே சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரித்தார். "நல்லா இருக்கே, யாரு சொன்னது?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல மாமா. எனக்கு நடந்தது."

"சரி சரி."

சந்துக்குள் போனால் பார் இருந்த இடத்தில் சேலைக் குடோன். உள்ளே நான்கைந்து பெண்கள் சேலை மடித்துக்கொண்டிருந்தார்கள். தறிச் சத்தத்தில் நான் வாசலில் நின்று, "இங்க ஒரு பார் இருந்துச்சே" என்று கத்தினேன். அதில் மூத்தவர் காதில் கையை வைத்து, "எத்தன முழம்?" என்று திருப்பிக் கத்தினார். மாமா என் தோளைத் தட்டி, வாங்க போகலாம் என்று சைகை காட்டினார். அவர் முகத்தில் இரக்கம் தெரிந்தது. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, பாவம், பொண்ணுக்காகக் குடிகாரன் வேஷம் போடுது என்கிற இரக்கம்.

என் வாழ்நாளில் நான் குடித்ததை மறைக்க எவ்வளவோ பாடுபட்டிருக்கிறேன். ஏலக்காய், கொய்யா இலை, பாக்கு, கதவைத் திறந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு அம்மாவைத் தாண்டி நேராகப் பாத்ரூமுக்குப் போவது. அத்தனையும் இம்மி பிசகாமல் பலித்திருக்கிறது. இப்போது குடித்தேன் என்று சொன்னால் நம்ப ஆள் இல்லை.

அவனியாபுரத்துக்கு விட்டேன். அங்கே லேத் பட்டறைகளுக்கு நடுவில் தகரக் கொட்டகை பார். ஏர்போர்ட் பக்கம் என்பதால் விமானம் தலைக்கு மேலேயே இறங்கும். இறங்கும்போது எல்லாரும் கிளாஸை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். பொங்கல் முடிந்த வாரத்தில் அந்தக் கொட்டகையில் மாடு பிடிக்காத ஆளே கிடையாது. நானும் ஒரு வருடம் பேச்சு வேகத்தில், கறுப்புக் காளை ஒன்றின் திமிலைப் பிடித்துத் தொங்கியதாகச் சொன்னேன். வால் எப்படி இருந்தது, கொம்பில் என்ன கட்டியிருந்தது என்று விவரமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில், "அது என் மாடு தம்பி. அன்னைக்கு ஒருத்தன் மாட்டப் பாத்துட்டு வேலியத் தாண்டி எம் மடியில வந்து விழுந்தான். அந்த மூஞ்சிதேன் இது" என்றார். கொட்டகை முழுக்கச் சிரித்ததில் ஒரு தகரம் கழன்றது.

இப்போது அது கார் கழுவுகிற இடம். கொட்டகை அதேதான். பழைய சுவரில் 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று எழுதியிருந்தது பாதி அழிந்து தெரிந்தது. நான் பாய்ந்து போய் அதைக் காட்டினேன்.

"பாருங்க மாமா! இது பார் செவுரு. கார் கழுவுற எடத்துல எதுக்கு இதை எழுதுவாங்க?"

மாமா சுவரைப் பார்த்தார். "சலூன்லகூடத்தேன் எழுதிப் போட்டிருப்பாய்ங்க" என்றார்.

கழுவிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். அவர் வேலைக்கு வந்தே கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். "பாரா? எனக்குத் தெரியாதுண்ணே. வண்டியக் கழுவணுமா?" என்றார். மாமா சரி என்று தலையசைத்துவிட்டார். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் வண்டியைக் கழுவினோம். அது காய்கிற வரைக்கும் மாமா நிழலில் நின்று துண்டால் விசிறிக்கொண்டார். பிறகு, "தம்பி, நீங்க நல்ல பிள்ளை. இம்புட்டுக் கஷ்டப்பட வேணாம். எம் மகளுக்கு வேற எடம் பாத்துக்கிறேன். என்னைப் பஸ்ஸ்டாண்டுல எறக்கி விடுங்க" என்றார். மரியாதையாக, மெதுவாக, ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வது மாதிரி.

உதடு அசையாமல் ஒருத்தி என் பக்கத்தில் நின்று பேசியது ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. "இன்னும் ஒரே ஒரு எடம் மாமா" என்றேன். "பஸ்ஸ்டாண்டுக்குப் போற வழிதான்." உண்மையில் அது வழியே இல்லை. அவருக்கும் அது தெரியும். ஏறிக்கொண்டார்.

திருப்பரங்குன்றம் போகிற பக்கம் ஒரு பார் இருந்தது. திறந்தவெளி, சுற்றிலும் கீற்றுத் தட்டி. தட்டிக்கு மேலே மலை தெரியும். அதனால் அங்கே வருகிறவர்கள் மலைக்கு முதுகைக் காட்டிப் போட்ட நாற்காலிகளில்தான் முதலில் உட்காருவார்கள். லேட்டாக வருகிறவனுக்கு மலையைப் பார்த்த நாற்காலிதான் மிஞ்சும். அவன் முருகனைப் பார்த்தபடி தலைகுனிந்து, சீக்கிரமாகக் குடித்துவிட்டுப் போய்விடுவான். கார்த்திகை மாதம் மாலை போட்டவர்களும் வருவார்கள். குடிக்க மாட்டார்கள். பழகின கால், வேறு எங்கே போகும்? கறுப்பு வேட்டியோடு ஓர் ஓரமாக உட்கார்ந்து சோடாவும் சுண்டலும் சாப்பிட்டுவிட்டு, அடுத்த மேசைக்காரனை ஏக்கமாகப் பார்த்து, "சாமி சரணம், நல்லா இருங்க சாமி" என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள்.

கீற்றுத் தட்டி இல்லை. அங்கே ஒரு கட்டடம் இருந்தது. வாசலில் வாழை மரம் கட்டி, சீரியல் லைட் போட்டு, ஏதோ காதுகுத்துக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. விசேஷங்களுக்கு விடுகிற சின்ன ஹால். அவ்வளவுதான், முடிந்தது என்று வண்டியைத் திருப்பினேன்.

"அண்ணே! ஏ அண்ணே!"

அடுப்படிப் பக்கமிருந்து ஒருத்தர் கரண்டியோடு ஓடி வந்தார். லுங்கி, துண்டு, கழுத்தில் பவுடர். பாரில் காடை வறுத்த மாஸ்டர்.

"வாங்கண்ணே! எம்புட்டு நாளாச்சு! கடைய மூடுனதுல இருந்து ஆளையே காணமே! நான் இங்கனதேன் இருக்கேன், இப்பச் சைவத்துக்கு மாறிட்டேன், சாம்பாரு, கூட்டு, பாயாசம்னு ஓடுது. உக்காருங்கண்ணே, பாயாசம் தாரேன்."

இத்தனை அண்ணே. ஒன்றுக்கே நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா வண்டியிலிருந்து இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினார். விசாரணை ஆரம்பமாயிற்று.

"தம்பியத் தெரியுமா உங்களுக்கு?"

"நல்லாக் கேட்டீங்க. அந்தா, அந்த மூலைதேன் அண்ணன் எடம். இப்ப அங்கன மணவற போடுறோம்."

"நல்லாக் குடிப்பாரோ?"

மாஸ்டர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். ஆமா என்று சொல்லுங்கள், நிறைய என்று சொல்லுங்கள். அவர் நேர்மையான மனிதர். அதுதான் மனிதர்களிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

"குடிக்கவா? இவரா?" மாஸ்டர் கரண்டியைத் தோளில் சாத்திக்கொண்டு சிரித்தார். "ஒரு பீர வாங்கி முன்னால வச்சுக்குவாருங்க. அது சூடாகி, நொரை அடங்கி, தண்ணியாகிக் கெடக்கும். இவரு பாட்டுக்குக் காட, ஈரலு, முட்டைன்னு தின்னுக்கிட்டே இருப்பாரு. இவரு திங்கிறதப் பாத்து நாலு மேசைக்காரன் ஆர்டர் குடுப்பான். பாதி பீரு உள்ள போச்சுன்னா அண்ணனுக்குத் தூக்கம் வந்துரும். அந்தச் செவுத்துல சாஞ்சு தூங்குவாரு. எழுப்பி, மூஞ்சி கழுவ வச்சு, ஆட்டோ ஏத்தி விடுவோம். வம்பு தும்பு கெடையாது. வாந்தி கெடையாது. ஆனா தட்டக் கழுவ வேண்டியதில்ல, அம்புட்டுச் சுத்தமாத் தின்னுருப்பாரு."

வருடக்கணக்காக நண்பர்கள் மத்தியில் நான் கட்டிக் காத்த குடிகாரன் என்கிற பேர் ஒரு கரண்டிக்காரர் வாயால் இப்படிப் போயிற்று. மாமாவைப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை. சாயங்காலம் சேர்ந்து உட்கார ஆள் தேடுகிறவருக்கு, பாதி பீரில் தூங்குகிறவன் எதற்கு?

மாமா அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கலைந்த கூட்டத்தில் யாரோ ஒரு குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அழுதது. அவர் முகத்தில் முதலில் ஏமாற்றம் தெரிந்தது. அது நன்றாகவே தெரிந்தது. கூட உட்கார்ந்து குடிக்க ஆள் கிடைக்கவில்லை என்கிற ஏமாற்றம். பிறகு மெதுவாக வேறு ஒன்று வந்தது. என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும், பூ வைத்த அன்று பார்க்காமல் விட்டதை எல்லாம் சேர்த்து, ஒரு பெண்ணைப் பெற்றவர் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"தூங்கி எந்திரிச்சா யாரையும் ஏசுவாரா?" என்று மாஸ்டரிடம் கேட்டார். குரல் மாறியிருந்தது.

"ஏசவா? எந்திரிச்சதும், மிச்சம் ஏதும் இருக்கான்னு தட்டத்தேன் பாப்பாரு."

"கை நீட்டுவாரா?"

"இன்னொரு முட்டைக்கு நீட்டுவாரு."

மாமா சிரிப்பை அடக்கிப் பார்த்தார். அடங்கவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மின்விசிறியைப் போடச் சொல்லிப் பார்த்தார். மணவறை மூலையில் நின்று கையை விரித்து அளந்தார்.

"ஏப்பா, அடுத்த முகூர்த்தத்துக்கு இந்த ஹாலு காலியா இருக்குமா?"

"கேட்டுச் சொல்றேங்க. யாருக்கு விசேசம்?"

மாமா என் பக்கம் கையைக் காட்டினார்.

"இந்தா நிக்கிறாருல்ல, காட திங்கிற மனுசன். இவருக்கும் எம் மகளுக்குந்தேன். நிச்சயம்."